மருத்துவமனைக்குக் காப்பீடு இருக்கிறது, எனக்கு?

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் 11 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் ஒரு நைட் டியூட்டியில், ஒரு பெண் நோயாளிக்குக் கால்சியம் ட்ரிப் போய்க்கொண்டிருந்தபோது மருந்து நரம்புக்கு வெளியே கசிந்து கை வீங்கிவிட்டது. பார்த்தவுடன் நிறுத்தி, டியூட்டி டாக்டருக்குச் சொன்னேன். ஆனாலும் தோல் கருத்து, பின்னால் ஒட்டுத்தோல் வைக்க வேண்டியதாயிற்று. அன்று வார்டில் 16 பேருக்கு நானும் ஒரு பயிற்சிப் பெண்ணும்தான். நான்கு நாளுக்கு முன் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. மருத்துவமனை, டாக்டர், மூன்றாவதாக என் பெயர். 15 நாளில் பதில் கேட்டிருக்கிறார்கள். ஹெச்.ஆரில், "நமக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு, பயப்படாதீங்க" என்கிறார்கள். கூடவே, இரண்டு மணி நேரம் கேனுலாவை (ட்ரிப் ஏற்றக் கையில் செருகும் குழாய்) பார்க்கத் தவறியது என் தவறு என்று அவர்களே டைப் செய்த விளக்கக் கடிதத்தில் கையெழுத்து கேட்கிறார்கள். இன்சார்ஜ் சிஸ்டர், சார்ட்டில் விட்டுப்போனதை இப்போது எழுதிவிடச் சொல்கிறார். நானே ஒரு பாலிசி எடுத்தால் இதற்கு உதவுமா? வேலையை விட்டுவிடலாமா என்றும் தோன்றுகிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் இரண்டு விஷயம். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சார்ட்டைத் தொடாதீர்கள். மற்றதெல்லாம் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். இந்த இரண்டை மட்டும் இன்று தவறவிட்டால் நாளை எந்த வக்கீலாலும் சரிசெய்துதர முடியாது.

சார்ட்டிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். இத்தனை வருடம் வார்டில் பழகிய கை அப்படித்தான் யோசிக்கும். ஆனால், நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தந்தாக வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. நோட்டீஸ் அனுப்புமுன் அவர்களுடைய வக்கீல் கேஸ் ஷீட்டின் நகலை வாங்கியிருப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் உள்ள நகலில் வெற்றிடமாக இருக்கும் கட்டம், வழக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் அங்கே நீங்கள் காட்டும் மூலத்தில் நிரம்பியிருந்தால் என்ன ஆகும்? ஒரு கட்டம் விட்டுப்போனதற்கு வேலைப்பளு என்று காரணம் சொல்ல முடியும். திருத்தியதற்கு எந்தக் காரணமும் எடுபடாது. கணினியில் எழுதும் மருத்துவமனை என்றால் யார், எப்போது, எதைச் சேர்த்தார்கள் என்பது நிமிடக் கணக்கில் பதிவாகியிருக்கும். கவனக்குறைவு என்ற கேள்வி அத்தோடு ஆவணத்தைத் திருத்திய குற்றமாக மாறிவிடும். வாட்ஸ்அப் குரூப்பில் அன்று இரவு போட்ட செய்திகளையும் அழிக்க வேண்டாம். இந்த விஷயத்தை அங்கே இனிமேல் பேசவும் வேண்டாம்.

விட்டுப்போனதை எழுத வேறு இடம் இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளில், "என் வழக்கறிஞருக்கு" என்று தலைப்பிட்டு, அன்று நடந்ததை நினைவில் இருக்கிறபடி எழுதுங்கள். டியூட்டி ஏறிய நேரம், எத்தனை நோயாளிகள், யார் யார் மோசமான நிலையில் இருந்தார்கள், கேனுலாவைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், நோயாளி வலி என்று சொன்னாரா, வீக்கத்தைக் கண்டது எப்போது, டாக்டரைக் கூப்பிட்டது எப்போது, அவர் வந்தது எப்போது, என்ன சொன்னார். நிச்சயமாகத் தெரியாத நேரத்துக்கு "சுமார்" என்று போடுங்கள். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையில் நடக்கும் பேச்சுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆகவே அதை உங்கள் வக்கீலிடம் மட்டும் கொடுங்கள். மேலாளருக்கோ சக ஊழியருக்கோ அனுப்பினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

இப்போது கடிதம். சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு செவிலியரும் இதே மாதிரி நிர்வாகம் எழுதித் தந்த நான்கு வரியில் கையெழுத்துப் போட்டிருந்தார். "ஃபைலுக்குத்தான்மா" என்று சொல்லியிருந்தார்கள். வழக்கு வந்ததும் மருத்துவமனையின் பதில் மனுவோடு முதல் இணைப்பாக அதுதான் வந்தது. தங்கள் நடைமுறையெல்லாம் சரி, இந்த ஊழியர் மீறிவிட்டார் என்பது அவர்கள் வாதம். அந்த நான்கு வரியை விளக்குவதிலேயே அவருடைய சாட்சியம் முழுக்கக் கழிந்தது. அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

ஊழியர் என்ற முறையில் விளக்கம் கேட்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. அதனால் மறுக்க வேண்டாம். "கேஸ் ஷீட், டியூட்டி ரோஸ்டர், அன்றைய இன்சிடென்ட் ரிப்போர்ட் ஆகியவற்றின் நகலைத் தாருங்கள், பார்த்துவிட்டு என் விளக்கத்தை நானே எழுதித் தருகிறேன்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நேரில் சொன்னால் சாட்சி இல்லை. பிறகு எழுதும்போது நடந்ததை மட்டும் எழுதுங்கள். இந்த நேரத்தில் பார்த்தேன், வீக்கம் இல்லை. இந்த நேரத்தில் வீக்கம் கண்டேன், நிறுத்தினேன், டாக்டருக்குச் சொன்னேன். "என் தவறு", "கவனக்குறைவு" போன்ற சொற்கள் உங்கள் பேனாவிலிருந்து வரக்கூடாது. அது சட்ட முடிவு. அதைச் சொல்ல வேண்டியது ஆணையம்.

ஹெச்.ஆர். யோசிக்காத இன்னொன்றும் இதில் இருக்கிறது. தொழில்முறை இழப்பீட்டுக் காப்பீட்டில் வழக்கமாக உள்ள நிபந்தனை, காப்பீட்டு நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளக் கூடாது, இழப்பீடு தருவதாக வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது. உங்களிடம் எழுதி வாங்குகிற அந்த ஒப்புதல் அவர்களுடைய பாலிசிக்கே சிக்கலைக் கொண்டுவரலாம். மின்னஞ்சலில் இதையும் மரியாதையாக ஒரு வரி குறிப்பிடுங்கள். கடிதத்துக்கான அவசரம் அதற்குப் பிறகு தணிவதை நான் பார்த்திருக்கிறேன்.

"நமக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு" என்றார்களே, அந்த "நமக்கு" என்பதற்குள் நீங்கள் இருக்கிறீர்களா என்பதுதான் உங்கள் கடிதத்தின் மையமான கேள்வி. பாலிசியில் காப்பீடு பெறுபவர் என்ற இடத்தில் மருத்துவமனையின் பெயர் மட்டும் இருக்கலாம். மருத்துவமனையும் தகுதி பெற்ற ஊழியர்களும் என்று இருக்கலாம். இரண்டுக்கும் உங்களைப் பொறுத்தவரை மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். முதல் வகையில் காப்பீட்டு நிறுவனம் காப்பாற்றுவது மருத்துவமனையின் பணத்தை. உங்கள் செயலால் மருத்துவமனை கட்டும் இழப்பீட்டை அது தரும். உங்களுக்காக வாதாட வேண்டிய கடமை அதற்கு இல்லை. இரண்டாவது வகையில் நீங்களும் காப்பீடு பெற்றவர். அப்போதுகூட, செவிலியர் கவுன்சில் விசாரணை, காவல் நிலைய அழைப்பு, நிர்வாகத்தின் உள்விசாரணை ஆகியவற்றுக்கான வக்கீல் செலவு அதில் அடங்குமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். பல பாலிசிகளில் அடங்காது.

ஆகவே எழுத்தில் கேளுங்கள்: இந்த பாலிசியில் நான் காப்பீடு பெற்றவரா? நோட்டீஸ் வந்த தகவலைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டீர்களா, எந்தத் தேதியில்? என் தரப்பும் மருத்துவமனையின் தரப்பும் வேறுபட்டால் எனக்குத் தனி வக்கீல் வைத்துத் தருவீர்களா? கட்டிய இழப்பீட்டை என்னிடம் திரும்ப வசூலிக்க மாட்டீர்கள் என்று உறுதி தருவீர்களா? கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். ஊழியரின் தவறுக்கு முதலாளி பணம் கட்டினால், அதை ஊழியரிடம் திரும்பக் கோரும் வழி சட்டத்தில் உண்டு. நடைமுறையில் அபூர்வம் என்றாலும், எழுதி வாங்கிக்கொண்டால் நிம்மதி.

பொது வக்காலத்து பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவமனையின் வக்கீலே மூவருக்கும் ஆஜராகிறேன் என்று வக்காலத்தில் கையெழுத்துக் கேட்பார். ஒரே தரப்பாக நின்று, "சிகிச்சையில் குறையே இல்லை" என்று மூவரும் சொல்லப்போகிறார்கள் என்றால் அது வசதிதான், செலவும் மிச்சம். உங்கள் வழக்கு அப்படித் தெரியவில்லை. 16 நோயாளிகளுக்கு ஒரே ஒரு செவிலியர் என்பது உங்களுக்குப் பலமான வாதம், மருத்துவமனைக்கு அதுவே கத்தி. அந்த வாதத்தை மருத்துவமனையின் வக்கீல் உங்களுக்காக எடுத்து வைப்பாரா? தனி வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் திடமான கருத்து.

பணத்துக்கு எங்கே போவேன் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நம் செவிலியர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, இலவச சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. நீங்கள் பெண் என்பதே போதும். நீதிமன்றம் மட்டுமல்ல, நுகர்வோர் ஆணையம் போன்ற நீதி வழங்கும் அமைப்புகளும் இதில் வரும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற தேசிய உதவி எண்ணும் உண்டு. மருத்துவ வழக்கு நடத்திய பழக்கம் உள்ளவர் வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கத்தில் உறுப்பினர் என்றால் மாநிலக் கிளைக்கும் எழுதுங்கள். 1908இல் தொடங்கிய சங்கம் அது. நல்ல நிபுணர் சாட்சியாக ஒரு மூத்த செவிலியரைக் கண்டுபிடிக்க அங்கிருந்து உதவி கிடைக்கலாம்.

நிபுணர் சாட்சி என்றதால் வழக்கின் சாரத்துக்கு வருகிறேன். மருந்து கசிந்து காயம் ஆனது என்பதாலேயே நீங்கள் கவனக்குறைவானவர் ஆகிவிட மாட்டீர்கள். உச்ச நீதிமன்றம் 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், 1957ஆம் ஆண்டின் போலம் என்ற இங்கிலாந்துத் தீர்ப்பின் அளவுகோலை ஏற்றுக்கொண்டது. அந்தத் தொழிலில் சாதாரணத் திறமை உள்ள ஒருவர் அந்தச் சூழலில் எப்படி நடந்திருப்பார் என்பதே கேள்வி. சரியாகப் போட்ட கேனுலாவும் நழுவும். நோயாளி கையை மடக்கினால், நரம்பு மெல்லியதாக இருந்தால், யார் போட்டாலும் கசியலாம். ஆகவே ஆணையம் பார்க்கப்போவது வேறு: கால்சியம் மாதிரி திசுவை அரிக்கும் மருந்து போகும்போது எத்தனை நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று உங்கள் மருத்துவமனையின் எழுத்து நடைமுறை சொல்கிறது? அப்படி ஒரு நடைமுறை இருக்கிறதா? 16 பேரை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியுமா? கண்டவுடன் நீங்கள் செய்தது சரியா? உடனே நிறுத்தி டாக்டரைக் கூப்பிட்டது உங்கள் பக்கம் பேசும். ஆள் பற்றாக்குறை குறித்து நீங்களோ இன்சார்ஜோ முன்பு எப்போதாவது எழுதிக் கொடுத்திருந்தால், அந்தக் காகிதத்தைத் தேடி எடுங்கள்.

காசு வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் முடிவானது. அங்கே முக்கியப் பொறுப்பு மருத்துவமனைக்குத்தான். 1998இல் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில், செவிலியர் தவறான ஊசி போட்டதால் ஒரு குழந்தையின் மூளை பாதிக்கப்பட்டது. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஊழியரின் செயலுக்கு மருத்துவமனை பொறுப்பேற்றாக வேண்டும் என்பதில் அதற்குச் சந்தேகமே இருக்கவில்லை. அதற்காக உங்கள் பெயர் தானாக நீங்கிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். நீங்கள் எதிர்தரப்பாகச் சேர்க்கப்பட்டால் உங்களுக்கும் உத்தரவு வரலாம்.

நாள் கணக்கு முக்கியம். இப்போது வந்திருப்பது வக்கீல் நோட்டீஸ். 15 நாள் என்பது அவர்கள் வைத்த கெடு. அது கடந்தால் வழக்கு தோற்றுவிடாது. ஆனால் பதில் அனுப்பாத மௌனம் பின்னால் கேள்வியாகும். ஆகவே அந்த நாளுக்குள் உங்கள் வக்கீல் மூலம் சுருக்கமாக மறுத்து ஒரு பதில் போகட்டும். சம்பவத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் அவர்கள் ஆணையத்தில் புகார் செய்யலாம். அங்கிருந்து நோட்டீஸ் வந்தால்தான் உண்மையான கெடு ஆரம்பம். புகார் நகலோடு அது கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள், ஆணையம் இசைந்தால் மேலும் 15 நாள். 45ஆவது நாளுக்குப் பிறகு பதில் மனுவை ஏற்க அதிகாரமே இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. "மருத்துவமனை பார்த்துக்கும்" என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிட்டால் உங்கள் தரப்பு எழுத்தில் பதிவாகாமலே போகும்.

போலீஸ் பயம் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் ராத்திரியில் அது வராமல் இருக்காது. குற்ற வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும், விசாரிக்கும் அதிகாரி முதலில் பாரபட்சமற்ற மருத்துவக் கருத்தைப் பெற வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு சொல்கிறது. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள வழக்குகளில் வழக்கம்போலக் கைது செய்யக் கூடாது என்பது 2014இன் அர்னேஷ் குமார் தீர்ப்பு. கூப்பிட்டால் எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள், வக்கீலோடு போங்கள். இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில், அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும் அது இரண்டு ஆண்டு வரை. அந்தச் சலுகையில் செவிலியர் இல்லை. உங்கள் வழக்கில் மரணம் இல்லை என்பதால் இந்தப் பிரிவு உங்களைத் தொடாது. ஆனால் ஒரே படுக்கையருகில் நிற்கும் இருவரில் ஒருவரை மட்டும் சட்டம் நினைவில் வைத்துக்கொண்டது சரி என்று எனக்குப் படவில்லை. செவிலியர் சங்கங்கள் இதை உரக்கக் கேட்க வேண்டும்.

இனி, பாலிசி எடுப்பது. இந்தச் சம்பவத்துக்கு உதவாது. விண்ணப்பத்தில், ஏற்கெனவே தெரிந்த புகார் அல்லது புகாராக மாறக்கூடிய சம்பவம் ஏதும் உண்டா என்று கேட்பார்கள். உண்டு என்று எழுதினால் இதை விலக்கிவிட்டுத் தருவார்கள். மறைத்தால் பாலிசியே செல்லாமல் போகலாம். ஆனாலும் உண்மையைச் சொல்லி, இனி வரும் நாட்களுக்காக எடுங்கள். எடுக்கும்போது தொழில் என்ற இடத்தில் "செவிலியர்" என்று உங்கள் பதிவு எண்ணோடு இருக்கிறதா என்று பாருங்கள். டாக்டருக்கென்று அச்சடித்ததில் பெயரை மட்டும் மாற்றித் தருவதும் நடக்கிறது.

இந்த வகைப் பாலிசியில் பலர் ஏமாறுவது ஒரே இடத்தில். விபத்துக் காப்பீட்டைப் போல, சம்பவம் நடந்த நாளில் பாலிசி இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். இங்கே கோரிக்கை வந்து, அதை நீங்கள் தெரிவிக்கும் நாளிலும் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். 2023இல் எடுத்தீர்கள், அந்த ஆண்டே ஒரு சம்பவம், 2024இல் புதுப்பிக்கவில்லை, 2025இல் நோட்டீஸ் என்றால் ஒன்றும் கிடைக்காது. பாலிசியில் முன்தேதி ஒன்று போட்டிருக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு நடந்தவைதான் கணக்கு. முதலில் எடுத்த நாள்தான் பெரும்பாலும் அந்தத் தேதி. இடைவெளி விடாமல் புதுப்பித்தால் அது அப்படியே தொடரும், விட்டால் புதிதாகத் தொடங்கும். அதனால் நிறுவனத்தை மாற்றும்போதும் பழைய முன்தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சம்பவத்துக்கான உச்சவரம்பு, ஓர் ஆண்டுக்கான உச்சவரம்பு இரண்டும் தனித்தனி. வக்கீல் செலவு அந்த வரம்புக்குள் கழிகிறதா, மேலே தனியாகத் தருகிறார்களா என்பதையும் கேளுங்கள். உறுப்பினர் நிதியாக நடக்கும் சட்ட உதவித் திட்டங்களும் உண்டு. அவை காப்பீடு அல்ல, உதவுவதா இல்லையா என்பது பல சமயம் அவர்கள் விருப்பம். விதிகளைப் படிக்காமல் பணம் கட்ட வேண்டாம்.

ஆனாலும் அந்த உறுப்பினர் முறையை நான் மதிக்கிறேன். 1884இல் இங்கிலாந்தில் டேவிட் பிராட்லி என்ற மருத்துவர், வலிப்பு வந்த நோயாளி ஒருவர் சாட்டிய பொய்க் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார். எட்டு மாதம் கழித்துத்தான் மன்னிப்பு வந்தது. மறுஆண்டே மருத்துவர்கள் சேர்ந்து லண்டனில் ஒரு பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்கள். இழப்பீட்டுப் பணத்தைவிட, பக்கத்தில் நின்று பேச ஓர் ஆள் வேண்டும் என்ற தேவைதான் அதைத் தொடங்க வைத்தது. உங்கள் கடிதத்திலும் நான் படித்தது அந்தத் தேவையைத்தான்.

வேலையை இப்போது விடாதீர்கள். விட்டால் பயந்து ஓடினார் என்று ஒரு தரப்பும், எங்கள் ஊழியரே இல்லை என்று இன்னொரு தரப்பும் பேசும். ரோஸ்டர் நகல் வாங்குவதுகூடக் கஷ்டமாகிவிடும். வழக்கின் போக்கு தெளிவான பிறகு போக விரும்பினால், மருத்துவமனையின் பாலிசி முன்னாள் ஊழியரின் பழைய பணிக்கும் பொருந்துமா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். அந்தப் பெண்மணியின் கை எப்படி இருக்கிறது என்ற கவலையும் உங்களுக்கு இருக்கும். நோட்டீஸ் வந்த பிறகு நேரில் போகவோ போனில் பேசவோ வேண்டாம், வக்கீல் மூலமாகவே போகட்டும்.

நோட்டீஸ் வந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? அதில் தபால் முத்திரைத் தேதி இருக்கும். அதையும், நோட்டீஸையும், பணி நியமன உத்தரவையும், கவுன்சில் பதிவுச் சான்றிதழையும் ஒரு கோப்பில் போட்டு எடுத்துக்கொண்டு, இந்த வாரமே சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய்வாருங்கள்.